ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் கால் பங்கு

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே ஒரு கோடு இருந்தது. கணவாய்க்குக் கிழக்கே பணகுடியும் வள்ளியூரும் சென்னை மாகாணம். மேற்கே தோவாளை, நாகர்கோவில், தக்கலை எல்லாம் திருவிதாங்கூர். இரண்டு பக்கமும் அதே சாதிகள், அதே சபைகள், அதே வேதபுஸ்தகம். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள். ஆனால் ஒரு கிறிஸ்தவத் தகப்பன் உயில் எழுதாமல் கண்ணை மூடினால், கிழக்கே உள்ள நிலத்தில் மகளுக்கு மகனோடு சமபங்கு. மேற்கே உள்ள நிலத்தில் மகன் பங்கில் கால் பங்கு அல்லது 5,000 ரூபாய். இரண்டில் எது குறைவோ அதுதான் அவளுக்கு.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணியும் அவருடன் நின்றவர்களும் சிறைக்குப் போய், துப்பாக்கிச் சூட்டில் உயிர்களை இழந்து பெற்ற இணைப்பு அது. மகள்களின் பங்கு மட்டும் இணையவில்லை. மாநில மறுசீரமைப்புச் சட்டப்படி, வேறு சட்டம் வரும்வரை பழைய ஊரின் சட்டம் அந்தந்த நிலப்பகுதியில் தொடரும். ஆகவே குமரி மாவட்டம் தமிழ்நாட்டில் இருந்தபடியே, இந்தக் கிறிஸ்தவ மகள்களுக்கு மட்டும் இன்னொரு முப்பது ஆண்டுகள் திருவிதாங்கூராகவே இருந்தது.

எங்கள் மாவட்டத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இரண்டு எண்களைத் தவறாமல் சொல்வார்கள். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் முதலிடம். ஆயிரம் ஆண்களுக்கு 1,019 பெண்கள். பெருமைப்பட வேண்டிய எண்கள்தான். பெண்ணைப் படிக்க வைத்த மண், பெண் சிசுவைக் கொல்லாத மண். நான் மூன்றாவதாக ஒன்றைக் கேட்கிறேன்: பட்டா யார் பெயரில் இருக்கிறது?

மதச்சார்பற்ற பெண்ணியம் என்று சொன்னால், பெண்களைக் கோயிலிலிருந்தும் ஆலயத்திலிருந்தும் வெளியே இழுத்துக்கொண்டு வருகிற வேலை என்று நினைப்பவர்கள் இங்கே உண்டு. மண்டைக்காட்டுக்கு இருமுடி கட்டுகிறவளும், கோட்டாறு சவேரியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவளும், தக்கலை பீரப்பா தர்காவுக்குப் போகிறவளும் தங்கள் நம்பிக்கையோடு போகட்டும். தாசில்தார் அலுவலகத்துக்கும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் நீதிமன்றத்துக்கும் வரும்போது அவள் எந்தச் சமுதாயத்துப் பெண் என்று அரசு கேட்கக் கூடாது. அவள் ஒரு குடிமகள், அவ்வளவுதான். நான் சொல்வது இதுதான். இருநூறு ஆண்டு குமரி வரலாற்றைப் பார்த்தால் அரசு இதற்கு நேர்மாறாகவே நடந்திருக்கிறது.

துணியை அளந்த அரசு

இங்கே பெண் உரிமை என்றதும் எல்லாரும் தோள்சீலைப் போராட்டத்தில் தொடங்குவார்கள். 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் நடந்த 200-ஆம் ஆண்டு மாநாட்டில் தமிழ்நாட்டு முதல்வரும் கேரள முதல்வரும் ஒரே மேடையில் பேசினார்கள். கொண்டாட வேண்டிய வரலாறுதான். அதன் ஆவணங்களையும் நிதானமாக வாசிக்க வேண்டும்.

1814-இல் திருவிதாங்கூர் அரசு, கிறிஸ்தவரான பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணியலாம் என்றது. தோளில் சீலை போடக் கூடாது. 1822-இல் கல்குளம் பக்கத்தில் சீலை போட்ட நாடார் பெண்கள் சந்தையிலும் வழியிலும் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1829-இல் ராணி கௌரி பார்வதி பாயின் பிரகடனம் குப்பாயத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. 1858 கடைசியில் மறுபடி கலவரம் மூண்டது. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்கிய பிறகு 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா இன்னொரு பிரகடனம் வெளியிட்டார். நாடார் பெண்கள் மேல்துணி அணியலாம்; குப்பாயம் போடலாம், முக்குவத்திகள் என்ற மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எந்த விதமாகவும் மறைக்கலாம்; ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது. மற்ற ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் இன்னும் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

உரிமை கொடுக்கும்போதுகூட அரசு எப்படிக் கொடுத்தது என்று பாருங்கள். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு துணி, ஒரு கட்டு முறை. பெண்ணின் உடம்பு அவளுடையது என்று எந்தப் பிரகடனமும் சொல்லவில்லை. அந்த ஆவணங்களில் மனு கொடுப்பவர்களும் தீர்ப்புச் சொல்பவர்களும், ராணிகளைத் தவிர, எல்லாரும் ஆண்கள். சந்தைக்குக் கூடையோடு நடந்து போய் அடி வாங்கியவர்கள் பெண்கள். அவர்களின் சொந்தச் சொல் ஒன்றுகூட ஆவணங்களில் நேரடியாக நமக்கு வந்து சேரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

அதே காலத்தில் நாகர்கோவிலில் சத்தமில்லாமல் இன்னொன்றும் நடந்தது. மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண் பிள்ளைகளுக்கு எழுத்தோடு லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துத் தங்கள் விலையைத் தாங்களே கட்டி விடுதலை வாங்கினார்கள் என்று மிஷன் பதிவுகள் சொல்கின்றன. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855-இல்தான். மேடைகளில் நாம் தோள்சீலையைப் பேசும் அளவுக்கு இந்த லேஸ் கூலியைப் பேசுவதில்லை. கையில் காசு இருந்த பெண் எவருடைய பிரகடனத்துக்கும் காத்திருக்கவில்லை. குமரியின் பெண் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் இதுதான்.

மாமன் சொத்து, மருமகன் சொத்து

நாஞ்சில் நாட்டு வேளாளர்களிடம் மருமக்கள் வழி இருந்தது. சொத்து தாய் வழியில் இறங்கும். தகப்பன் சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். வெளியூர்க்காரர்கள் இதைப் பெண்ணாட்சி என்று நினைத்து வியப்பார்கள். நிர்வாகம் முழுவதும் காரணவர் என்ற மூத்த ஆண் கையில். வயலைக் குத்தகைக்கு விடுவதும் நெல்லை விற்பதும் வழக்காடுவதும் அவர்தான். அவர் இறந்தால் மனைவியும் பிள்ளைகளும் அந்த வீட்டில் அந்நியர்கள். உகந்துடமை என்ற பெயரில் கிடைக்கும் சிறு பங்கை நம்பி நிற்க வேண்டும், அதற்கும் வழக்கு.

தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ எழுதியபோது, இந்தத் துயரத்தை ஒரு மனைவியின் வாய்மொழியாகவே எழுதினார். அந்த நூலும் அன்றைய சீர்திருத்த இயக்கமும் சேர்ந்து உண்டாக்கிய சூட்டில், கொல்லம் ஆண்டு 1101-இல், அதாவது 1926-இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. பாகப்பிரிவினைக்கும், சொந்தப் பிள்ளைகளுக்குச் சொத்து இறங்கும் மக்கள் வழிக்கும் கதவு திறந்தது.

மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அது நியாயம், சந்தேகமே இல்லை. ஆனால் சகோதரிகளுக்கு? தறவாடு என்ற தாய்வழிக் கூட்டுக்குடும்ப வீட்டில் பிறந்த பெண், விதவையானாலும் விலக்கப்பட்டாலும் திரும்பி வந்து தங்க உரிமை பெற்றிருந்தாள். மக்கள் வழி வந்ததும் பிறந்த வீடு அண்ணன் வீடாகிவிட்டது. மாமனா மகனா என்று ஆண்கள் இருவருக்குள் நடந்த வழக்கு ஒரு முடிவுக்கு வந்தது. மனைவியும் சகோதரியும் ஒருசேரப் பிழைக்கும் ஒரு முறையை யோசிக்க அன்றைய சட்டசபைக்கு நேரமில்லை. இந்தச் சீர்திருத்தத்தைத் தூய முன்னேற்றமாக மட்டும் எழுதும் வரலாறுகளோடு என்னால் உடன்பட முடியவில்லை.

1092

கிறிஸ்தவர்களின் சட்டம் அதற்கு முன்பே வந்துவிட்டது. திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், கொல்லம் ஆண்டு 1092. ஆங்கில ஆண்டு 1916. விதவைக்கு ஆயுள் உரிமை மட்டும். அவள் இறந்தாலோ மறுமணம் செய்தாலோ அதுவும் போய்விடும். மகளுக்குச் சீதனம்தான் உரிமை. அதன் அளவுதான் முதலில் சொன்ன கால் பங்கு அல்லது 5,000 ரூபாய். ஒரு மகனுக்கு ஒரு லட்சம் ரூபாய் சொத்து வந்தால் கால் பங்கு 25,000. ஆனால் மகளுக்கு 5,000. தகப்பன் உயிரோடு இருக்கும்போதே சீதனம் கொடுத்திருந்தாலோ, தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாலோ அந்த 5,000-மும் கிடையாது. வாக்கு நிறைவேறாமல் போனாலும் சொத்தில் அவளுக்குப் பேச்சில்லை.

இந்தச் சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு பிரிவு உண்டு. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பிரிக்கும் வழக்கம் உள்ள இலத்தீன் கத்தோலிக்கர் சிலருக்கும் புராட்டஸ்டண்டுகள் சிலருக்கும் இந்தப் பாகுபாடு பொருந்தாது என்று அந்தப் பிரிவு விலக்குக் கொடுத்தது. அப்படியானால் சமபங்கு கொடுத்து வாழ்ந்த கிறிஸ்தவர்கள் இதே நாட்டில் இருந்தார்கள். சட்டம் எழுதியவர்களுக்கும் அது தெரியும். தெரிந்தே அதை விலக்காக ஒதுக்கி, கால் பங்கைப் பொது விதியாக வைத்தார்கள். சமத்துவம் மேற்கிலிருந்து வந்த இறக்குமதி என்று சொல்பவர்களுக்கு நான் இந்தப் பிரிவைக் காட்டுவேன்.

1951 ஏப்ரல் 1 முதல், பழைய சமஸ்தானப் பகுதிகளுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925 நீட்டிக்கப்பட்டது. அந்தச் சட்டத்தில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமில்லாமல் சமமாக. அப்படியானால் 1092 அன்றே செத்துப்போயிற்றா, இல்லையா? இந்தக் கேள்வி நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் அலைந்தது. 1970-களில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தனி நீதிபதி, பழைய சட்டம் ஒழிந்தது என்றார். 1978-இல் வெளியான தீர்ப்பில் இரு நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பிப் போட்டு, பழைய சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்றது. குமரியின் மகள்களுக்குத் திறந்த கதவு சில ஆண்டுகளிலேயே மூடிக்கொண்டது. கேரளத்து மேரி ராயின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவருக்கு முன்பே இந்தப் பக்கத்தில் இந்தச் சட்டத்தோடு மோதிய வழக்குகள் இருந்தன என்பது குமரியிலேயே பலருக்குத் தெரியாது.

மேரி ராய் கோட்டயத்துக்காரர். கணவரைப் பிரிந்து, இரண்டு குழந்தைகளோடு ஊட்டியில் தகப்பனின் வீட்டில் தங்கியிருந்தவரை அங்கிருந்து வெளியேறச் சொன்னது சொந்தக் குடும்பம். பின்னாளில் கோட்டயத்தில் பள்ளி தொடங்கித் தன் காலில் நின்ற பிறகு, தனக்குச் சொத்து தேவைப்பட்டதற்காக அல்லாமல், நடந்தது அநியாயம் என்பதற்காக உச்ச நீதிமன்றம் போனார். 1986 பிப்ரவரி 24 அன்று தலைமை நீதிபதி பகவதியும் நீதிபதி பதக்கும் தீர்ப்பளித்தார்கள்: 1951 ஏப்ரல் 1-லிருந்தே 1925-ஆம் ஆண்டுச் சட்டம்தான் செல்லும். சென்னையின் 1978 தீர்ப்பும் அதோடு விழுந்தது.

இந்தத் தீர்ப்பில் ஒரு பெரிய நிறைவும் ஒரு பெரிய குறையும் இருக்கின்றன. முப்பத்தைந்து ஆண்டுகளாக மகள்களுக்கு இருந்த உரிமை எவருக்கும் தெரியாமலே இருந்திருக்கிறது என்று அது சொன்னது, இது நிறைவு. ஆணுக்கு முழுப் பங்கு, பெண்ணுக்குக் கால் பங்கு என்பது அரசியல் சாசனத்தின் 14-ஆவது பிரிவுக்கு விரோதமா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவில்லை. எந்தச் சட்டம் எந்தச் சட்டத்தை நீக்கியது என்ற நுட்பத்தோடு முடித்துக்கொண்டது. மகள்கள் ஜெயித்தார்கள், சமத்துவம் வாதிடப்பட்டும் தீர்ப்பில் இடம்பெறவில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்தும் தனிச்சட்டங்களில் பெண்களுக்கு எதிரான பிரிவுகள் பிழைத்துக் கிடப்பதற்கு இந்தத் தயக்கமும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

தீர்ப்பு வந்ததும் எழுந்த கூக்குரல் இன்னொரு பாடம். பழைய பாகப்பிரிவினைகள் எல்லாம் கலையும், குடும்பங்கள் சிதறும், வங்கி அடமானங்கள் செல்லாமல் போகும் என்றார்கள். கேரளத்தில் பழைய சட்டத்துக்குப் பின்தேதியிட்டு உயிர் கொடுக்க ஒரு மசோதாவே தயாரானது. பெண்கள் அமைப்புகள் எதிர்த்து நின்றதால் அது சட்டமாகவில்லை. உயில் எழுதிவிடுங்கள் என்ற அறிவுரைக்கு மட்டும் குறைவில்லை. மேரி ராய் தன் பங்கைக் கையில் வாங்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 2022 செப்டம்பர் 1 அன்று அவர் மறைந்தார்.

“எனக்க அண்ணனுக்க கூடவா கேசுக்குப் போவேன்?”

சட்டம் இப்போது சமம். இந்து மகளுக்கும் அப்படியே. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989-இல் கலைஞர் அரசு அதைத் தமிழ்நாட்டில் சட்டமாக்கியது. அதிலும் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமான மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் இடமில்லை. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அந்தத் தடையை நீக்கியது. தகப்பன் அன்று உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை, மகள் பிறப்பாலேயே பங்காளி என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் குழப்பத்தைத் தீர்த்தது.

பிறகு ஏன் பட்டா இன்னும் அண்ணன் பெயரில்?

எந்தப் பத்திரப் பதிவு அலுவலகத்தின் வாசலிலும் பதில் கிடைக்கும். தகப்பன் இறந்து சில மாதங்களில் சகோதரிகள் வந்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஒன்றும் வாங்காமல் போடுகிறவர்களும் உண்டு. ஒரு சேலையும் ஆட்டோ கூலியும் வாங்கிக்கொண்டு போடுகிறவர்களும் உண்டு. ஆசிரியை போடுகிறார், செவிலி போடுகிறார், வளைகுடாவில் இருந்து விடுமுறைக்கு வந்தவர் போடுகிறார். கேட்டால் வருகிற பதில், “எனக்க அண்ணனுக்க கூடவா கேசுக்குப் போவேன்?” இந்தக் கேள்வியில் இருப்பது பாசம் மட்டும் என்று நான் நம்பவில்லை. கணவன் வீட்டில் ஒன்று நடந்தால் போய் நிற்க ஒரு வாசல் வேண்டும் என்ற பயமும் அதில் இருக்கிறது. தன் பங்கைக் கொடுத்து அந்த வாசலைத் திறந்து வைத்துக்கொள்கிறாள். பங்கை வாங்கியிருந்தால் அவளுக்கென்றே ஒரு வாசல் இருந்திருக்கும் என்று அவளுக்குச் சொல்ல அந்த அலுவலகத்தில் ஆள் இல்லை.

இன்னொரு பதில் சீதனம். “அவளுக்குத்தான் கட்டிக்கொடுக்கும்போதே குடுத்தாச்சே.” 1092 சட்டம் போய்விட்டது; அதன் கணக்கு எல்லாச் சாதியிலும் மதத்திலும் தங்கிவிட்டது. 1961-இன் வரதட்சிணைத் தடைச் சட்டம், வாங்கியதே குற்றம் என்கிறது. யார் வாங்கினாலும் மூன்று மாதத்துக்குள் அது பெண்ணின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றும் சொல்கிறது. நடப்பில் ரொக்கம் மாப்பிள்ளை வீட்டின் கடனை அடைக்கும். நகை மைத்துனன் படிப்புக்கோ, படகுக்கோ, வெளிநாட்டு விசாவுக்கோ அடகுக்குப் போகும். நிலம் ஆண்டுக்கு ஆண்டு விலை ஏறும். மோட்டார் சைக்கிளும் கட்டிலும் தேயும். விளவங்கோடு, கல்குளம் பக்கத்து அண்டி ஆபீஸ் என்ற முந்திரி ஆலைகளில் காலை முதல் மாலை வரை முந்திரிக் கறையில் விரல் கறுத்து வேலை செய்கிற இளம்பெண்கள், அந்தக் கூலியில் தங்கள் கழுத்துக்கு வேண்டிய பவுனைத் தாங்களே சேர்க்கிறார்கள். லேஸ் பின்னி விடுதலை வாங்கிய பெண்களின் ஊரில், கூலியைச் சேர்த்துக் கல்யாணச் சந்தையில் தன் விலையைத் தானே கட்டுகிறவள் இன்று இருக்கிறாள். இதைவிட என்னைக் கலங்க வைக்கும் ஒன்று இந்த மாவட்டத்தில் இல்லை.

மானம் பேசியவர்கள் பங்கு பேசவில்லை

குமரியில் மதச்சார்பின்மை வெறும் கொள்கைச் சொல்லாக இருக்க முடியாது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் நடந்த இந்து-கிறிஸ்தவக் கலவரம் இங்குள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தெரியும். கோயில் கொடைக்கு வந்த பெண்கள் கடலில் குளிக்கும் இடத்தில் நடந்ததாகச் சொல்லப்பட்டதும் அந்தத் தீயை வளர்த்தது. துப்பாக்கிச் சூடும் உயிர்ப்பலியும் வந்தன. நீதிபதி வேணுகோபால் ஆணையம் அமைந்தது. கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடுவே விழுந்த பிளவு பல ஆண்டுகள் ஆறவில்லை.

அன்று இரண்டு பக்கமும் பெண்ணின் மானம் பற்றிப் பேசின. பெண்ணின் பங்கு பற்றி எந்தப் பக்கமும் பேசவில்லை. அந்த ஆண்டில் குமரியின் கிறிஸ்தவ மகளுக்கு இன்னும் கால் பங்குதான். இந்து மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை இல்லை. சமுதாயங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும்போது, உள்ளே உள்ள அநியாயத்தைப் பேசுகிற பெண் துரோகியாகிவிடுகிறாள். “இப்ப இதைப் பேசுற நேரமா?” என்று கேட்டே வாயை அடைத்துவிடுவார்கள். பெண்களுக்கு மத மோதல் செய்யும் கெடுதல்களில் இது வெளியே தெரியாதது, நெடுநாள் நீடிப்பது.

இதனால்தான் பொது சிவில் சட்டம் பற்றிய இன்றைய கூச்சலில் என்னால் எந்தப் பக்கத்தோடும் போய் நிற்க முடியவில்லை. தனிச்சட்டம் மதத்தின் உயிர், தொடாதே என்பவர்கள் 1986-இல் கூக்குரல் போட்டவர்களின் வாரிசுகள். மறுபக்கம் உத்தராகண்டைப் பாருங்கள். 2025 ஜனவரி முதல் அங்கே நடைமுறைக்கு வந்த பொது சிவில் சட்டம், கல்யாணம் செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள் அரசிடம் பதிய வேண்டும், தவறினால் தண்டனை என்கிறது. வயது வந்த பெண் யாரோடு வாழ்கிறாள் என்பதை ஒரு அரசு அலுவலர் குறித்து வைப்பதற்குப் பெயர் சமத்துவம் என்றால், 1859-இல் மகாராஜா துணியை அளந்ததும் அப்படித்தான். எல்லாருக்கும் ஒரே சட்டம் என்பதைவிட எல்லாச் சட்டத்திலும் பெண்ணுக்குச் சமபங்கு என்பதே எனக்கு முதல் வேலையாகத் தெரிகிறது. அந்த வேலையை ஒவ்வொரு சட்டத்திலும் செய்யலாம், இன்றே செய்யலாம்.

அமைச்சர் வந்த கடற்கரை

செய்யக்கூடியவர்கள் சட்டமன்றத்தில் இருப்பவர்கள். இந்த மாவட்டத்துக்கு அதிலும் ஒரு மரபு உண்டு. 1957-இல் குளச்சலில் வென்று, காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சியும் மீன்வளமும் பார்த்தவர் லூர்தம்மாள் சைமன். மீனவச் சமுதாயத்துப் பெண் ஒருவர் அமைச்சரானார் என்பது அன்றைய இந்தியாவில் சாதாரணச் செய்தி கிடையாது. அதன்பின் நீண்ட வறட்சி. 2006-இல் திருவட்டாறில் மார்க்சிஸ்ட் கட்சியின் லீமா ரோஸ், 2009-இல் நாடாளுமன்றத்துக்கு ஹெலன் டேவிட்சன், 2011-இல் பத்மநாபபுரத்தில் புஷ்ப லீலா ஆல்பன், அதே ஆண்டு முதல் மூன்று முறை விளவங்கோட்டில் விஜயதரணி. அவர் விலகியபின் 2024 இடைத்தேர்தலில் முக்கியக் கட்சிகள் எல்லாம் பெண்களையே நிறுத்தின. காங்கிரசின் தாரகை கத்பர்ட் வென்றார். பெண்ணை நிறுத்தினால் ஓட்டு விழாது என்ற பழைய சாக்கு குமரியில் செல்லாது.

ஆனாலும் நாடு முழுவதும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தரும் 2023-இன் 106-ஆவது சாசனத் திருத்தம், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் தொகுதி மறுவரையறைக்கும் பின்னால் கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. உள்ளாட்சியில் பாதி இடம் 2016 முதல் தமிழ்நாட்டில் சட்டம். ஊராட்சித் தலைவியின் நாற்காலியில் கணவர் உட்கார்ந்து பேசுவதை அதிகாரிகள் அனுமதிக்கிறவரை அதுவும் அரைகுறைதான்.

திட்டங்கள் பெண்ணைத் தேடி வந்ததை நான் குறைத்துப் பேச மாட்டேன். கட்டணமில்லாப் பேருந்தும், 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத் தொகையும் கடற்கரைக் குடிசைகளில் என்ன மாற்றம் செய்தன என்று மீன் விற்கிற பெண்களைக் கேட்டால் தெரியும். அதே சமயம் 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுத் திரும்பிய ஒரு மூதாட்டியை நாற்றம் என்று சொல்லிப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டதும் இங்கேதான். அவர் அங்கேயே நின்று உரத்துக் கேட்ட நியாயம் காணொளியாகப் பரவி, முதல்வர் கண்டித்து, ஊழியர்கள் பணியிடை நீக்கம் ஆனார்கள். பேருந்தில் ஏறும் உரிமை ஒரு அரசாணையில் வந்தது. இறக்கிவிட முடியாதபடி அதைக் காத்துக்கொண்டது அந்தப் பாட்டியின் தொண்டைதான்.

மிச்சம் இருக்கும் பிரிவுகள்

மேரி ராய் பெற்றுத் தந்த அதே 1925 சட்டத்தில் 42-ஆவது பிரிவு என்று ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. பிள்ளையில்லாத கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவியோ கணவரோ இருந்தால் அவர் பங்கு போக மீதி முழுவதும் தகப்பனுக்கு. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை தாய்க்கு ஒன்றுமில்லை. இது குமரியில் யாரைத் தொடும்? 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்த இரவுகளை நினைத்துப் பாருங்கள். கல்யாணம் ஆகாத மகன் கடலில் போனால், அவன் பெயரில் இருந்த வங்கிச் சேமிப்பும் படகுப் பங்கும் சட்டப்படி தகப்பனுடையவை. குழித்துறை ரயில் பாதையில் உட்கார்ந்து மகனைத் தேடித் தா என்று கேட்ட தாய்க்கு அதில் பங்கு கிடையாது. அவனை வளர்த்தது அவள் தலையில் சுமந்த மீன் கூடையாக இருந்தாலும் சட்டம் அதைக் கேட்காது. இந்தப் பிரிவுகளைத் திருத்தச் சொல்லிச் சட்ட ஆணையம் 2014-இல் தன் 247-ஆவது அறிக்கையைக் கொடுத்துவிட்டது.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 15-ஆவது பிரிவு அதன் உடன்பிறப்பு. பிள்ளையும் கணவனும் இல்லாமல், உயிலும் எழுதாமல் இறக்கும் பெண்ணின் சொந்தச் சம்பாத்தியம், அவளைப் பெற்ற தாய் தகப்பனுக்கு முன்பாகக் கணவனின் வாரிசுகளுக்குப் போகிறது. கணவன் இறந்த பிறகு மாமியார் வீட்டார் துரத்திவிட்டாலும், அவள் தனியாக நின்று சம்பாதித்த வீடு அவர்களுக்கு. இதைப் பற்றிச் சட்ட ஆணையத்தின் 207-ஆவது அறிக்கை 2008-இல் வந்தது. முஸ்லிம் மகளுக்கு இன்றும் மகன் பங்கில் பாதி. அந்தப் பாதியும் அவள் கைக்கு முழுதாக வருகிறதா என்று தேங்காய்ப்பட்டணத்திலும் திருவிதாங்கோட்டிலும் உள்ள பெண்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் பேசுவதற்கு இடம் கொடுப்பதும், அவர்களுக்காக வேறு யாரும் பேசாமல் இருப்பதும் நம் கடமை.

வாரிசுரிமை, சாசனத்தின் பொதுப் பட்டியலில் இருக்கிறது. டெல்லிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1989-இல் இந்து மகளுக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் தானே ஒரு திருத்தம் இயற்றி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் வாங்கியது. அதே வழியில் 42-ஆவது பிரிவிலும் 15-ஆவது பிரிவிலும் கைவைக்க முடியும். குமரியின் ஆறு சட்டமன்ற உறுப்பினர்களும் கட்சி பார்க்காமல் சேர்ந்து இதைக் கொண்டுவந்தால் எந்த ஆலயமும் எந்தக் கோயிலும் இடிந்துவிடாது. 2025 ஏப்ரல் முதல் பெண் பெயரில் வாங்கும் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு குறைத்த அரசு, இன்னொன்றும் செய்யலாம். சகோதரி சகோதரனுக்கு எழுதும் ஒவ்வொரு விடுதலைப் பத்திரத்துக்கும் முன்பு, சட்ட உதவி மையத்தின் வழக்கறிஞர் ஒருவர், குடும்பத்தார் எவரும் பக்கத்தில் இல்லாமல், அவளோடு பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். விட்டுக்கொடுக்கும் பங்கின் இன்றைய சந்தை மதிப்பை எண்ணிலும் எழுத்திலும் அவளிடம் காட்ட வேண்டும். யோசிக்க முப்பது நாள் கொடுக்க வேண்டும். அதன் பிறகும் அவள் அண்ணனுக்கே எழுதிக்கொடுத்தால் எழுதட்டும். நாகர்கோவில், தக்கலை, குழித்துறை பதிவு அலுவலகங்களில் இதை முதலில் தொடங்கலாம்.